கரண்ட் வைக்கும்போது விட்டுப்போன அந்த ரெண்டு நாள்

குடியாத்தம் தறிவீடு:
நைனாவுக்குத் தொண்டையில் புற்றுநோய்க் கட்டி. கதிர்வீச்சு, எங்க பக்கம் கரண்ட் என்போம். தினம் 2 கிரே (கதிர்வீச்சை அளக்கிற அலகு), 35 கரண்ட், ஏழு வாரம். குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு தினமும் பஸ்தான். நடுவில் வைகாசி 1, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வந்தது. "ரெண்டு நாள் விட்டுட்டு அப்புறம் ரெண்டையும் ஒண்ணா வச்சுடுங்க சார்" என்று நைனா கேட்டார்.

கதிர்வீச்சு அளவைக் கணக்கிடுகிற பிசிசிஸ்ட் சார் கோபப்படவில்லை. சீட்டைத் திருப்பிப் போட்டு எழுதினார். ஒரே அடியாகக் கூட்டி வைத்தால் எவ்வளவு கெடும் என்று காட்டுகிற எண்ணாம் ஆல்பா-பீட்டா, அது சின்னதாக இருந்தால் கெடுதல் கூடுமாம். கட்டிக்கு 10, நரம்பு மாதிரி மெதுவாகக் கெடுகிற திசுவுக்கு 3. அந்தக் கணக்கில் 4 கிரேயை ரெண்டு நாளாகப் பிரித்து வைத்தால் கட்டிக்கு விழுகிற அடி 4.8, ஒரே அடியாக வைத்தால் 5.6. திசுவுக்கு அதே 6.7 போய் 9.3 ஆகிறது. "கட்டிக்கு 0.8 கூடுது, உங்க நரம்புக்கு ரெண்டரைக்கு மேல கூடுது. வேணுமாங்க?" என்றார். பிறகு படிக்கட்டு மாதிரி இறங்குகிற ஒரு கோடு போட்டு, நாலு வாரத்துக்கு மேல் அதன் நுனியை லேசாக மேலே வளைத்தார். மிச்சமிருக்கிற செல் அப்போது வேகமாகப் பெருகுமாம், ஒரு நாள் விட்டால் 0.6 கிரே அதற்கே போய்விடுமாம்.

நைனா அந்த வளைவை விரலால் தடவிப் பார்த்தார். "இழை அறுந்தா முடிச்சுப் போட்டு ஓட்டிடலாம்னு நெனச்சேன்" என்றார். சிரசு பார்க்கப் போகவில்லை.

எனக்கு உறுத்துவது அதற்கு அப்புறம் நடந்தது. ஆறாவது வாரம் மெஷின் ரிப்பேர், ரெண்டு நாள். போன் வரும் என்றார்கள், வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அதை எப்படி ஈடுகட்டுவீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. 14 மாதத்தில் கட்டி திரும்ப வந்தது. நைனா இப்போது இல்லை. அந்தச் சீட்டு என் பர்ஸில் இருக்கிறது.

ஆற்காடு அக்கா:
எனக்கு மார்பகம். பக்கத்து வீட்டம்மாவுக்கு 25 நாள் வைத்தார்கள், எனக்கு 15தான். காப்பீட்டு அட்டைன்னதும் குறைச்சுட்டாங்கன்னு டாக்டரம்மா முகத்துக்கு நேராவே கேட்டுட்டேன். அவங்க உட்கார வைச்சு கணக்கு போட்டாங்க. 25 தடவையில் 50 கிரேன்னா நல்ல திசுவுக்கு 83 விழும், 15 தடவையில் 40ன்னா 76கூட வராது. மார்பகக் கட்டிக்கு ஆல்பா-பீட்டா 10 இல்லையாம், 4 பக்கமாம். அதனால ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டி வைச்சா கட்டியும் நல்லா அடி வாங்கும். இங்கிலாந்துல ஸ்டார்ட்னு ஆய்வு பண்ணி 10 வருஷம் பார்த்திருக்காங்க. அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேன்.

காட்பாடி செல்வம்:
குடியாத்தம் தம்பி, அந்த ரெண்டு நாள்தான் காரணம்னு உங்க தலையில போட்டுக்காதீங்க. 10, 3, 0.6 எல்லாம் பல நூறு பேரை வச்சு எடுத்த சராசரி. ஒருத்தருக்கு என்ன ஆகும்னு அதால சொல்ல முடியாது. எங்க அம்மாவுக்கு முதுகெலும்புல பரவி ஒரே தடவை 8 கிரே வச்சாங்க. அந்தக் கணக்குப்படி அது 14.4, பத்து தடவையில் 30 வச்சா 39. பாதிகூட இல்ல. ஆனா வலி குறையறதுல ரெண்டும் ஒண்ணுன்னுதான் ஆய்வுகள் சொல்லுது. மூணாவது வாரம் அம்மா ஒருக்களிச்சுப் படுத்துத் தூங்கினாங்க. மாசக்கணக்கா உட்கார்ந்தே தூங்கினவங்க.

ராணிப்பேட்டை டெக்னீஷியன்:
செல்வம் அண்ணா, வலிக்கு வைக்கிறது வேற, குணமாக்க வைக்கிறது வேற. ரெண்டையும் சேர்த்துப் பேசாதீங்க. சராசரின்னாலும் தொண்டைக் கட்டியில நாள் தள்ளிப்போறது கெடுதல்தான். இப்ப வைத்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்கிறேன். முதல் நாளே கடைசித் தேதியைக் கேட்டு காலண்டரில் குறியுங்கள். தொண்டை மாதிரி வேகமாக வளர்கிற கட்டிக்கு அந்தத் தேதி ரெண்டு நாளுக்கு மேல் தள்ளக் கூடாது என்று பிரிட்டனின் கதிரியக்க மருத்துவர்கள் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிஸ்ட்ஸ் வழிகாட்டியே சொல்கிறது. மெஷின் நின்றால் வேறு மெஷினுக்கு மாற்ற முடியுமா, சனிக்கிழமை வைப்பீர்களா என்று கேளுங்கள். ஒரே நாளில் ரெண்டு வேளையும் வைக்கலாம், நடுவில் குறைந்தது 6 மணி நேரம் விட வேண்டும். நல்ல செல் தன்னைச் சரிசெய்துகொள்ள அந்த நேரம் தேவை. தலை, கழுத்துக்கு என்றால் ஆரம்பிக்கும் முன்பே பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். எங்க மாமாவுக்கு அதைச் செய்யாம விட்டோம், பின்னாடி பல் பிடுங்கின இடம் ஆறவே இல்லை.

குடியாத்தம் தறிவீடு:
ரெண்டு வேளை வைக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காலையில் ஒன்று வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் நைனா பஸ் ஸ்டாண்டிலேயே துண்டை விரித்துப் படுத்திருப்பார்.