சிகாகோ மொனாட்நாக் கட்டடம்: உள்ளே போய்ப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

வைகைக்கரை
வேலையாக சிகாகோ போயிருந்தபோது பார்த்தது. மொனாட்நாக், 1890-களின் தொடக்கத்தில் வடக்கு, தெற்கு என்று இரண்டு பாதிகளாகக் கட்டிய அலுவலகக் கட்டடம். கதை தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம், நேரே விஷயத்துக்கு வருகிறேன். வடக்குப் பாதியின் வாசலில், சுவரின் கனத்தில் முதுகை ஒட்டி நின்று இரண்டு கைகளையும் விரித்தேன். விரல் நுனிகள் இரண்டு பக்கமும் விளிம்பைத் தொடவில்லை. அடியில் ஆறடி கனம் என்று எத்தனையோ முறை படித்ததுதான், ஆனாலும் மலைத்துப் போனேன். 16 மாடி, இரும்பே இல்லாமல் செங்கல் மட்டும் தாங்குகிறது! அந்தப் பாதியை வரைந்த கட்டடக் கலைஞர் ஜான் ரூட் 1891 ஜனவரியில், 41 வயதில் போய்விட்டார். கட்டி முடித்ததை அவர் பார்க்கவே இல்லை. அதுதான் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மாடிப்படி
எனக்குச் சுவரைவிட வாசல்தான் நினைவில் நிற்கிறது. நடைபாதையிலிருந்து உள்ளே போகக் காலைக் கீழே இறக்க வேண்டும். அந்தக் காலத்துப் பெரிய கட்டடம் என்றால் படியேறிப் போவோம் என்றுதான் நினைப்போம், இங்கே இறங்குகிறோம். அடியில் களிமண். எட்டு அங்குலம் அமிழும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் கட்டினார்கள். அது இருபது அங்குலம் வரை போய்விட்டது. இவ்வளவு எடை இறங்கியும் கட்டடம் நிற்கிறது. அடித்தளம் போட்டவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம் அந்த மாடிப்படி! அலுமினியம். கட்டட வேலையில் அலுமினியத்தை முதன்முதலில் பயன்படுத்திய இடங்களில் இதுவும் ஒன்று. கைப்பிடியைத் தடவிக்கொண்டே மேலே போனேன். ஒவ்வொரு தளத்திலும் அலுவலகக் கதவுகளின் மங்கல் கண்ணாடி வழியாகத்தான் நடைவழிக்குப் பகல் வெளிச்சமே வருகிறது.

கம்பிக்கட்டு
வைகைக்கரை, "இரும்பே இல்லாமல்" என்று எழுதியது சரியில்லை. சுமை தாங்குவது செங்கல் என்பது வெளிச்சுவருக்குத்தான் பொருந்தும். உள்ளே இரும்புத் தூண்கள் உண்டு, காற்றின் தள்ளலைத் தாங்க இரும்புப் பிணைப்பும் உண்டு. 1893-இல் ஹோலபர்ட் அண்ட் ரோஷ் என்ற கட்டடக்கலை நிறுவனம் கட்டிய தெற்குப் பாதி எஃகுச் சட்டம், அதாவது சுமையைச் சுவருக்குப் பதில் எஃகுக் கூடு தாங்குகிறது. தெருவில் நின்று இரண்டும் சேரும் இடத்தைப் பார்த்தேன். இடையில் இரண்டே வருடம், செங்கல் சுவரின் காலம் முடிந்து எஃகின் காலம் வந்துவிட்டது. எனக்கு அந்த இடம்தான் முக்கியம். வடக்குப் பாதியை மட்டும் கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை.

பழையமதில்
கம்பிக்கட்டு சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் எஃகுச் சட்டத்தில் எழுந்ததில் பலவும் எங்கே? சிகாகோவில் 1885-இல் வந்த ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தை 1931-இல் இடித்துவிட்டார்கள். கட்டடக் கலைஞர்கள் ஆட்லரும் சல்லிவனும் கட்டிய பங்குச் சந்தைக் கட்டடம் 1972-இல் போனது. அதன் வாசல் வளைவு மட்டும் ஆர்ட் இன்ஸ்டிட்யூட் அருங்காட்சியகத்தின் பக்கத்தில் வெட்டவெளியில் தனியாக நிற்கிறது. உள்ளே நுழைய ஒரு கட்டடம் இல்லாத வாசல். அதன் கீழே நின்றபோது தொண்டை அடைத்தது. இடிபாடுகளுக்குள் அலங்காரத் துண்டுகளைக் காப்பாற்றப் போன புகைப்படக்காரர் ரிச்சர்ட் நிக்கல் அங்கேயே உயிரை விட்டார். மொனாட்நாக் மிஞ்சியதைக் கொண்டாடாமல் என்ன செய்வது?

சுண்ணாம்புக்காளவாய்
மொனாட்நாக்கில் நான் பார்த்தது தரை. 1938-இல் நவீனப்படுத்துகிறோம் என்று மொசைக் தரையை மூடிவிட்டார்கள். 1979-இல் வந்த உரிமையாளர் பழைய வரைபடங்களை வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். குனிந்து அந்தச் சில்லுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பழைய செங்கல் கட்டடம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இணைப்புச் சாந்து உதிர்ந்தால் உடனே சிமெண்டை எடுத்துப் பூசாதீர்கள். சிமெண்ட் இறுக்கமானது, பழைய செங்கல் மென்மையானது. சுவருக்குள் போன ஈரம் சாந்து வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாக வரப் பார்க்கும். உப்பு பூக்கும், குளிர் ஊரில் அந்த நீர் உறைந்து செங்கலின் முகமே பெயர்ந்து விழும். முதலில் பழைய சாந்தில் ஒரு துண்டைப் பெயர்த்துச் சோதித்துப் பாருங்கள், சுண்ணாம்பும் மணலும் எந்த அளவில் கலந்தார்கள் என்று தெரியும். அதே கலவையில் பூசுங்கள். உதிர்ந்த சாந்தைக் கையுளியால்தான் சுரண்ட வேண்டும், இயந்திரத்தை வைத்தால் செங்கலின் விளிம்பு போய்விடும். கறை போகட்டும் என்று மணலைப் பீய்ச்சவும் விடாதீர்கள். சூளையில் வெந்த மேல்தோல் போய்விட்டால் செங்கல் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்துவிடும்.

மாடிப்படி
சுண்ணாம்புக்காளவாய், நீங்கள் சொன்னது எனக்குப் பயன்படும், குறித்துக்கொண்டேன். பழையமதிலுக்கு ஒன்று: மொனாட்நாக் மிஞ்சியது பாதுகாக்க வேண்டிய சின்னம் என்ற அறிவிப்பால் மட்டும் இல்லை. உள்ளே இன்றைக்கும் ஆட்கள் வாடகை கொடுத்து அலுவலகம் நடத்துகிறார்கள். நான் போனபோது மூன்றாவது தளத்தில் ஒருவர் கதவைத் திறந்துவைத்துத் தொலைபேசியில் யாரிடமோ கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்.