பழைய டிரவுட் பொரிப்பகம்: எதை முதலில் மாற்றுவது?

கேள்வி:
வணக்கம். நாற்பது ஆண்டுப் பழமையான டிரவுட் மீன்குஞ்சுப் பொரிப்பகம் ஒன்று என் பொறுப்பில் வந்திருக்கிறது. கான்கிரீட் தொட்டிகள் வெடிப்பு விட்டிருக்கின்றன. ஊற்றுநீரைக் கொண்டுவரும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள் அரித்துவிட்டன. கடந்த பருவத்தில், மஞ்சள்கருப் பை வற்றும் நிலையில் இருந்த குஞ்சுகள் பல, துடுப்புகளில் ஊசிமுனை அளவுக் குமிழ்களோடு மேற்பரப்பில் மிதந்து இறந்தன. கையிலிருக்கும் பணத்தில் முட்டை பொரிக்கும் புதிய அடுக்குத் தட்டுகளை வாங்குவதா, அதே நீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் மறுசுழற்சி முறைக்கு மாறுவதா?

பதில்:
இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு, முதலில் நீரைக் கவனியுங்கள். நீங்கள் சொல்லும் குமிழ்கள், நீரில் நைட்ரஜன் அளவுக்கு மீறிக் கரைந்திருப்பதையே பெரும்பாலும் காட்டுகின்றன. அது ஊற்றிலேயே இருக்கலாம். அரித்த குழாயின் ஓட்டை உறிஞ்சும் காற்று அழுத்தத்தில் கரைவதாலும் வரலாம். கரைந்த வாயுக்களின் மொத்த அழுத்தத்தை ஊற்றுக்கண்ணிலும் தொட்டியின் வாயிலும் அளந்தால், குறை எங்கே என்பது விளங்கிவிடும். பிளாஸ்டிக் வளையங்கள் நிரப்பிய, இருபுறமும் திறந்த செங்குத்துக் குழாயின் வழியே நீரை மெல்லிய படலமாக வழியவிட்டால், மிகையான நைட்ரஜன் வெளியேறுவதோடு ஆக்சிஜனும் ஏறும். மறுசுழற்சியில் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் குளிர்ந்த நீரில் மிக மெதுவாகவே பெருகும். மின்சாரம் நின்றால் மீன்களுக்குக் கிடைக்கும் அவகாசமோ சில நிமிடங்கள்தான். நல்ல ஊற்று இருக்கும் இடத்தில் அதற்கு அவசரப்பட வேண்டியதில்லை.

மற்றொரு பதில்:
குழாய்களை மாற்றும்போது துத்தநாகப் பூச்சும் செம்பும் வேண்டவே வேண்டாம். உப்புகள் குறைந்த மென்னீரில் அவை சிறு அளவில் கரைந்தாலே குஞ்சுகளுக்கு நஞ்சாகும். வெடிப்புகளைப் பூசிய புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரின் காரத்தன்மையை உயர்த்தும் என்பதால், பலமுறை நீர் நிரப்பி வடித்து, பி.எச். சோதித்த பிறகே குஞ்சுகளை விடுங்கள். வேலையை முட்டைப் பருவத்திற்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். வானவில் டிரவுட் முட்டை 10 டிகிரி செல்சியஸில் பொரிக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும், அதில் முட்டைக்குள் கருவின் கண்புள்ளி தெரியும்வரையிலான முதல் பாதி அதிர்வைத் தாங்காது. ஒருமுறை பக்கத்துத் தொட்டியின் சுவரை உடைக்க அவசரப்பட்டு நான் அனுமதித்தேன். மறுநாள் காலை தட்டுத் தட்டாக முட்டைகள் செத்துப் பால்வெள்ளையாக மாறிக் கிடந்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்று குழாய் நெடுகிலும் நடந்து பார்த்தேன். ஊற்றை அடுத்த இரண்டாவது இணைப்பில் சோப்பு நுரையைத் தடவியதும் அது உள்ளே இழுக்கப்பட்டது. அந்தப் பகுதியைப் பிளாஸ்டிக் குழாயாக மாற்றி, வாயுவை அளந்த பின் எழுதுகிறேன்.