சின்னப் பசங்க அனிமே எண்டிங் பாட்டு எப்டி 1990ல ஜப்பானோட நம்பர் ஒன் ஆச்சு?

ராத்திரி_ராகம்:
மக்களே ஒரு டவுட்டு. ஸ்லாம் டங்க்ங்கிற பாஸ்கெட்பால் அனிமேல வர்ற வாண்ட்ஸ் பேண்டு பாட்டு இருக்குல்ல, 1994 எண்டிங், அதுக்கு ட்யூன் போட்டது ஓடா டெட்சுரோன்னு தெரிஞ்சதும் மனுஷன் வேற என்னென்ன பண்ணிருக்காருன்னு தோண்ட ஆரம்பிச்சேன். டிராகன் பால் ஜிடி ஓப்பனிங் அவரு, ஸார்ட் பாடுன 'மகெனாய்தே' அவரு, எல்லாமே நெஞ்ச நக்குற டைப்பு. நடுவுல பாத்தா 'ஒடோரு பொம்போகோரின்'னு ஒன்னு நிக்குது. 'சிபி மருகோ சான்'ங்கிற குட்டிப் பசங்க அனிமேவோட எண்டிங்காம். போட்டுக் கேட்டா ஒரே கூத்து. சப்டைட்டில் படிச்சா எல்லாரும் ஆடுறாங்க, சட்டிக்குள்ள இருந்து ஒரு ஃப்ராடு மாமா குபீர்னு வர்றாரு, எடிசன் பெரிய ஆளுன்னு ஒரு வரி வருது, கடைசில பசிக்குதுன்னு முடிச்சிட்டாங்க. இந்தப் பாட்டுதான் 1990 ஒரிகான் (ஜப்பான்ல பாட்டு விற்பன கணக்கு) வருஷ லிஸ்ட்ல மொத இடமாம், 16 லட்சம் சிங்கிளுக்கு மேல வித்துருக்காம். எப்டிப்பா? அப்புறம் இன்னொன்னு, சில வீடியோல இத ஓப்பனிங்னு போட்டிருக்கான் சிலதுல எண்டிங்னு போட்டிருக்கான், எது சரி?

கடலூர்_கார்ட்டூன்:
ரெண்டுமே சரி தல. 1990 ஜனவரில ஆரம்பிச்ச மொத சீரிஸ்ல இது எண்டிங். அப்போ ஓப்பனிங் 'யுமே இப்பாய்'. 1992ல அந்த சீரிஸ் முடிஞ்சு 1995ல திரும்ப ஆரம்பிச்சாங்க, அது இன்னைக்கும் ஓடுது, அதுல கொஞ்ச வருஷம் கழிச்சு இந்தப் பாட்ட தூக்கி ஓப்பனிங்ல வச்சுட்டாங்க. ஆள் மாத்தி மாத்தி பாடிருக்காங்க, இ-கேர்ள்ஸ், கோல்டன் பாம்பர், மொமொய்ரோ க்ளோவர் ஸீ எல்லாரும் லிஸ்ட்ல உண்டு. நீங்க பாத்தது எதுன்னு தெரியணும்னா குரலக் கேளுங்க. ஒரு பொம்பள நல்லா திறந்த குரல்ல பாட நடுவுல ஒருத்தர் கரகரன்னு பூந்து பூந்து கத்துனா அதான் 1990 ஒரிஜினல்.

பிஞ்சுபோன_ஸ்பீக்கர்:
இதுல என்ன அதிசயம்னு எனக்குப் புரியல. சீரிஸ் ஹிட்டு அதனால பாட்டு ஹிட்டு, அவ்ளோதான். 1990 அக்டோபர் 28 எபிசோடுக்கு கான்டோ ஏரியால, அதாவது டோக்கியோவும் சுத்துப்பட்டும், ரேட்டிங் 39.9%. அதுக்கப்புறம் வந்த அனிமே எதுவும் இன்னிக்கு வரைக்கும் அதத் தாண்டல. அவ்ளோ பேர் வாராவாரம் ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஒரே பாட்டக் கேட்டா தகர டப்பாவ தட்டுன சத்தம்கூட விக்கும்.

மாடிவீட்டு_மிருதங்கம்:
@பிஞ்சுபோன_ஸ்பீக்கர் அப்டின்னா அதே எபிசோடு ஆரம்பத்துல அதே ஜனம் கேட்ட 'யுமே இப்பாய்' ஏன் இந்த அளவுக்கு விக்கல? ஒரே சேனல் ஒரே அரை மணி நேரம் ஒரே ஆடியன்ஸ். அது நல்ல பாட்டுதான், நான் குறை சொல்லல, ஆனா அது குழந்தைங்க பாட்டு மாதிரியே இருக்கும், பெரியவங்க கடைக்குப் போயி காசு குடுத்து வாங்க மாட்டாங்க. ரேட்டிங்னு பாத்தா 'சஸாயே சான்'னு இன்னொரு குடும்ப அனிமே 1979லயே 39.4% வாங்குனது, அதோட பாட்ட வருஷ டாப்புன்னு யாரும் சொல்லல. ரேட்டிங் கதவத் தொறந்து விட்டுச்சு, ஒத்துக்கறேன். உள்ள கூட்டிட்டுப் போனது பாடுனவங்க.

இதப் பாடுன குரூப்பு பி.பி.குயீன்ஸ். பேரக் கேட்டதும் அமெரிக்க ப்ளூஸ் ஜாம்பவான் பி.பி.கிங் ஞாபகம் வருதா? சும்மா வரல. அந்தக் கரகர குரல் கொந்தோ ஃபுசனோசுகே, அக்மார்க் ப்ளூஸ் பாடகர், ப்ளூஸ் பேண்டு வச்சு வருஷக்கணக்கா பாடி தொண்டைய தேச்சு வச்சிருந்த மனுஷன். கூட பாடுனது சுபோகுரா யுய்கோ, அந்தம்மா குரலும் குழந்தைங்க பாட்டு குரல் கிடையாது, சோல் பாட வேண்டிய குரல். பீயிங்னு ஒரு மியூசிக் கம்பெனி இவங்களையெல்லாம் இந்த ஒரு பாட்டுக்காகவே கூட்டிச் சேத்தாங்க, பின்னாடி கோரஸ் பாடுன மூணு பொண்ணுங்க அடுத்த வருஷமே 'மி-கே'ன்னு தனியா வந்து கலக்குனாங்க. ஆக அர்த்தமே இல்லாத ஒரு வரிய, வாழ்க்கைல அடிபட்ட குரல் ஒன்னு முழு சீரியஸா பாடுது. சிரிப்பு அங்கதான் வருது. யாராவது கொஞ்சிக் குழைஞ்சு மழலையா பாடிருந்தா ரெண்டாவது வாரமே சலிச்சிருக்கும். நான் இவ்ளோ சொல்றதுக்குக் காரணம், பின்னாடி வந்த வெர்ஷன் எல்லாத்தையும் கேட்டுட்டேன், அழகா பாடிருக்காங்க, க்ளீனா இருக்கு, அதுதான் அதோட பிரச்சனையே.

ஒசாகா_ஓரமா:
நான் இருக்கறது ஜப்பான்லதான், ஆஃபீஸ் பார்ட்டில கரோக்கி போனா அம்பது வயசு மேனேஜர் இதத்தான் எடுப்பாரு, டை-ய தளத்திட்டு அந்த கரகர பார்ட் மட்டும் அவரு, மிச்சம் எல்லாத்தையும் மத்தவங்க பாடணும் 😂 ரெண்டு குரல் இருக்கறதால கூட்டமா பாட வசதியான பாட்டு இது.

ஒரிஜினல் சிங்கிள் பழைய சிடி விக்கற கடைல சல்லிசா கிடைக்கும், நான் ஒன்னு வாங்கி வச்சிருக்கேன். அந்தக் காலத்து 8 சென்டிமீட்டர் குட்டி சிடி, உள்ளங்கைல வச்சா அடங்கிரும், ஆனா கவர் மட்டும் நீட்டமா பட்டையா அட்டைல இருக்கும், மேல் பாதில சிடி, கீழ் பாதி சும்மா காலியா, பாக்கெட்ல வைக்கணும்னா கீழ்ப்பாதிய மடிச்சுக்கலாம். வாங்கறவங்களுக்கு ஒரு விஷயம், தட்டு வெளிய வர்ற ப்ளேயர்ல நடுவுல ஒரு சின்னக் குழி இருக்கும் பாருங்க அதுல வச்சா பாடும், வாயில சொருகுற மாதிரி கார் ப்ளேயர்ல போட்டீங்கன்னா உள்ள மாட்டிக்கும், அப்புறம் மெக்கானிக்குக்கு தண்டம் அழணும்.

பசிக்குதுன்னு முடியறதப் பத்தி கேட்டீங்கல்ல. இந்த சீரிஸ் ஃபுஜி டிவில ஞாயிறு சாயங்காலம் 6 மணிக்கு, எண்டிங் ஓடும்போது ஆறரை ஆகப்போகுது, அடுத்து 'சஸாயே சான்'. வீட்ல சோறு ரெடியாகிற நேரம். அந்த வரி கரெக்டா அங்க வந்து விழும். அதே நேரம்தான் நாளைக்கு ஸ்கூலு ஆஃபீசுன்னு வயித்தக் கலக்குற நேரமும், அதுக்கு இங்க 'சஸாயே சான் நோய்'னே பேரு வச்சிருக்காங்க. அந்த நேரத்துக்கு இப்டி ஒரு ஆட்டம் போடுற பாட்டு தேவைதான்.

கடலூர்_கார்ட்டூன்:
பாட்டு எழுதுனது யாருன்னு இன்னும் யாருமே சொல்லலையே. சகுரா மொமொகோ, அதாவது இந்த அனிமேக்கு மூலமான மங்காவ (காமிக்ஸ்) வரைஞ்ச அம்மாவேதான். 1986ல இருந்து 'ரிபோன்' பத்திரிகைல வந்த மங்கா, ஷிசுவோகா பக்கம் ஷிமிசுல அவங்க வளந்த கதை, 1970கள்ல நடக்குது, மருகோ வேற யாரும் இல்ல சின்ன வயசு சகுராதான். வேற கவிஞர் யாராவது எழுதிருந்தா நட்பு, கனவு, நாளைய விடியல்னு ஒரு லோடு இறக்கிருப்பாரு. இவங்களுக்கு மருகோவ உள்ள வெளிய தெரியும், அந்தப் பொண்ணு சோம்பேறி, வீட்டுப்பாடம் எழுதாது, தாத்தாவ ஏமாத்தி காசு வாங்கும், அதோட மண்டைக்குள்ள ஓடுறது இந்த மாதிரி கன்னாபின்னா சமாச்சாரம்தான். உவெகி ஹிதோஷின்னு ஒரு காமெடி பாடகர், 1961ல 'சூதாரா புஷி'ன்னு ஒரு பொறுப்பில்லாதவன் பாட்டு பாடி நாட்டையே ஆட்டி வச்சவரு, அந்த வம்சாவளில வர்ற பாட்டா எனக்கு இது படுது. 1995ல ரெண்டாவது சீரிஸ் வந்தப்போ எண்டிங் பாடவச்சது அந்த உவெகி ஹிதோஷியவே, அதுக்கும் வரிகள் சகுராதான். சகுராம்மா 2018ல போயிட்டாங்க, 53 வயசுதான்.

பிஞ்சுபோன_ஸ்பீக்கர்:
சரி 'யுமே இப்பாய்' பாயிண்டுக்கு என்கிட்ட பதில் இல்ல, அது மாடிவீட்டுக்கு. ஆனா இதுக்குப் போயி ஜப்பான் ரெக்கார்ட் அவார்ட் குடுத்ததெல்லாம் ஓவர். 1990ல அந்த அவார்ட ரெண்டாப் பிரிச்சு, என்கா (பழைய பாணி ஜப்பான் சோகப் பாட்டு) பக்கம் ஒன்னு பாப்-ராக் பக்கம் ஒன்னுன்னு குடுத்தானுங்க, பாப் பக்கம் பெரிய பரிச இதுக்குத் தூக்கிக் குடுத்தாச்சு. எத்தன நல்ல பேண்டு இருந்த நேரம் அது.

மாடிவீட்டு_மிருதங்கம்:
அந்த வருஷம் தெருவுல யாரு வாயில என்ன பாட்டு இருந்துச்சோ அதுக்குக் குடுத்தாங்க. நல்ல பேண்டு பாட்டெல்லாம் அவங்கவங்க ரசிகனுக்கு, இது தாத்தாவுக்கும் தெரியும் பேத்திக்கும் தெரியும். வருஷக் கடைசில டிவில வர்ற பெரிய பாட்டு நிகழ்ச்சி கோஹாகு, அந்த மேடைலயும் வந்து பாடிட்டுதான் போனாங்க.

ராத்திரி_ராகம்:
செம, எல்லாருக்கும் நன்றி. இப்ப இன்னொரு கேள்வி, இவ்ளோ பெரிய பாட்டு நம்மூர்ல ஏன் யாருக்குமே தெரியல?

கடலூர்_கார்ட்டூன்:
பொதுவாவே எண்டிங் பாட்டு கடல் தாண்டாது. ஒன்னு வெட்டிருவான், இல்ல அதுக்கு மேலயே அடுத்த ப்ரோகிராம் விளம்பரம். மருகோவ தயாரிச்ச அதே நிப்பான் அனிமேஷன்தான் 'ஜங்கிள் புக்' பண்ணுச்சு, 1989ல. தூர்தர்ஷன்ல நம்ம பாத்த மௌக்லி. நமக்கு ஞாபகம் இருக்கறது குல்ஸார் எழுதுன இந்திப் பாட்டு, இந்தி ஒரு வார்த்த புரியாத பயலும் அத முணுமுணுப்பான், ஜப்பான்காரன் பாட்டு என்னன்னு எவனுக்குத் தெரியும். 

ஒசாகா_ஓரமா:
@ராத்திரி_ராகம் ஓடா டெட்சுரோ லிஸ்ட்லதான இருக்கீங்க, மொத சீரிஸ்லயே 1991ல வந்த அடுத்த எண்டிங்கையும் கேட்டுருங்க, 'ஹஷிரே ஷோஜிகிமொனோ', அதாவது 'ஓடு நேர்மைக்காரா'. வரி சகுரா, ட்யூன் அதே ஓடா, பாடுனது சைஜோ ஹிதேகி. கதைல மருகோவோட அக்கா அவரோட வெறித்தன ஃபேன், அவரு பேரச் சொல்லி வீட்ல சண்டையே நடக்கும். நிஜத்துலயும் 70கள்ல அவரு பெரிய ஸ்டார். அந்த மனுஷனையே கூப்ட்டு எண்டிங் பாட வச்சுட்டாங்க. பெரிய தலைங்க பாட வர்றது அங்க இருந்து வழக்கமாவே ஆயிருச்சு, 2012ல குவாதா கெய்சுகேகூட ஒன்னு பாடிருக்காரு.

ராத்திரி_ராகம்:
இப்பதான் ஹிதேகி பாட்டு போட்டேன். இதுலயும் நல்லது நடக்கவே இல்ல போல, பாவம் நேர்மையா இருக்கறவன் ஓடிட்டே இருக்கான் 🤣 இதுக்கு 8 சென்டி சிடி கிடைக்குமா ப்ரோ? ஷிப்பிங் நான் தந்துடறேன்.

ஒசாகா_ஓரமா:
கிடைக்கும். பொங்கலுக்கு ஊருக்கு வரேன், பையில போட்டு எடுத்துட்டு வரேன். ப்ளேயர் தட்டு மாடல்தான?