சொல் வேண்டும்: மையம் தாண்டும் அழைப்பும் தரவும் சேரும் எண்

அன்பர்களே, வணக்கம்.

தொடர்பு மைய (கால் சென்டர்) மென்பொருள்களில் ‘எக்ஸ்டர்னல் ரூட்டிங் பாயின்ட்’ என்று ஒன்று உண்டு. நான் எழுதும் கையேட்டுக்கு இதற்கொரு தமிழ்ச் சொல் வேண்டும். ஜெனிசிஸ் நிறுவனம் ஆளும் பெயர் இது. சிஸ்கோ நிறுவன மென்பொருளில் ஏறத்தாழ இதே வேலை ‘டிரான்ஸ்லேஷன் ரூட்’ என்ற பெயரில் நடக்கிறது. ‘புற வழிப்படுத்து புள்ளி’ என்று சொல்லுக்குச் சொல் போட்டால் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

வேலை இதுதான். வாடிக்கையாளர் முதல் மையத்தை அழைத்துக் கணக்கு எண்ணைத் தட்டிவிட்டார். கவனிக்கத் தகுந்த முகவர் இரண்டாம் மையத்தில் இருக்கிறார். குரல் தொலைபேசித் தடத்தில் போகும். கணக்கு எண் முதலான உடன்தரவு, வழங்கிகளுக்கு (சர்வர்) இடையே கணினி வலையில் போகும். தரவு முந்திக்கொள்ளும், குரல் பிந்தி வரும். எந்தக் குரலுக்கு எந்தத் தரவு?

இதற்கென இரண்டாம் மையத்தில் சில எண்களை ஒதுக்கி வைப்பார்கள். முதல் வழங்கி தரவைக் கொடுத்து எண் கேட்கும். இரண்டாம் வழங்கி காலியான ஓர் எண்ணைத் தந்து, தரவை அதன் பேரில் வைத்துக்கொள்ளும். முதல் மையம் அந்த எண்ணுக்கு அழைப்பைத் திருப்பும். அழைப்பு வந்து சேர்ந்ததும் தரவை அதோடு ஒட்டி, உரிய முகவருக்கு அனுப்பி, எண்ணை விடுவிக்கும்.

‘சந்திப்பெண்’ எனலாமா?

---

> ‘சந்திப்பெண்’ எனலாமா?

வேண்டாம் ஐயா. ‘சந்திப் பெண்’ என்று பிரித்துப் படித்துச் சிரிப்பார்கள். ‘கடவெண்’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். அதை ‘PIN’ நம்பருக்குச் சிலர் ஆள்கிறார்கள், குழப்பம் வரும்.

அந்த எண்ணின் ஒரே வேலை பொருத்துவது. ஆகவே ‘பொருத்தெண்’. தொகுதியாகச் சொல்ல ‘பொருத்தெண் திரள்’. வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: “திரளில் காலிப் பொருத்தெண் இல்லையெனில் அழைப்பு உடன்தரவின்றி இயல்புத் தடத்தில் செல்லும்.” தடுக்கவில்லை.

திரளின் அளவையும் கையேட்டில் சேருங்கள். நொடிக்கு 2 அழைப்புகள் மாறுகின்றன, ஒவ்வொன்றும் ஓர் எண்ணை 5 நொடி பிடித்து வைக்கிறது என்றால், சராசரியாக 10 எண்கள் எப்போதும் பிடிபட்டிருக்கும். 10 போதும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. தொலைபேசி நெரிசலைக் கணக்கிடும் எர்லாங் பி சூத்திரப்படி, எண் கிடைக்காமல் போவது 1 விழுக்காட்டுக்குள் நிற்க 18 எண்கள் வேண்டும்.

இன்னொன்று: தடம் பொருத்தெண்ணின் கடைசி 4 இலக்கங்களை மட்டும் கொடுத்து, வழங்கியின் அமைப்பில் முழு எண் எழுதியிருந்தால், எதுவுமே பொருந்தாது. பழுது தேடுவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

---

பொருத்தெண் நல்ல சொல். ஆனால் எல்லா முறைகளுக்கும் அது போதாது. எண் ஒதுக்காமலே பொருத்துவதும் உண்டு.

அழைத்தவரின் எண்ணை வைத்துப் பொருத்தலாம். அவர் எண்ணை மறைத்திருந்தால் கதை முடிந்தது. ஓர் அலுவலகமே ஒரே எண்ணில் வெளியே பேசினால் இரண்டு அழைப்புகள் ஒன்றாகத் தெரியும். ஒரு பக்கம் நாட்டுக் குறியீட்டோடும் மறுபக்கம் முன்சுழியோடும் எழுதினால் ஒரே எண் இரண்டாகத் தெரியும்.

சிப் (SIP, இணையவழித் தொலைபேசி நெறிமுறை) அழைப்பில், கூடுதல் தரவைச் சுமக்க ‘யூசர் டு யூசர்’ தலைப்பு உண்டு (இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 7433, 2015). அதில் முழுத் தரவையும் திணிக்காமல் ஒரு சிறு சாவியை மட்டும் வைப்பதே நலம். பழைய ஐஎஸ்டிஎன் (ISDN) தொலைபேசித் தடத்தில் இடம் குறைவு; வலையின் எல்லையில் நிற்கும் கருவிகள் தலைப்பையே கழற்றிவிடுவதும் உண்டு. சிப் அழைப்பு அடையாளத்தை (Call-ID) நம்பவே கூடாது, இடையில் நிற்கும் கருவி அதை மாற்றிவிடும். அதற்காகவே ஆர்எஃப்சி 7989 (2016) முனைக்கு முனை மாறாத அமர்வு அடையாளத்தை வகுத்தது.

ஆக, பொதுச்சொல் ‘பொருத்துக்குறி’. அதன் ஒரு வகை ‘பொருத்தெண்’. குறியே இல்லாமல், அடுத்து வந்த அழைப்புக்கு இந்தத் தரவு என்று ஒட்டும் முறைக்குக் ‘குறியிலாப் பொருத்தல்’. அழைப்பு நெருக்கமுள்ள எண்ணில் அதைப் பயன்படுத்துவது சூதாட்டம்.

---

தோல்விகளுக்கும் பெயர் வையுங்கள். இரண்டு உண்டு, ஒன்றாக்கிவிடக் கூடாது. அழைப்பு வந்து தரவு சேராவிட்டால் ‘பொருந்தாமை’. முகவர் கணக்கு எண்ணை மறுபடி கேட்பார், அவ்வளவுதான். ஒருவர் அழைப்பில் இன்னொருவர் கணக்கு திரையில் எழுந்தால் அது ‘பிறழ்பொருத்தம்’. தனியுரிமை மீறல்.

பிறழ்பொருத்தம் பெரும்பாலும் காலக்கெடுவால் வருகிறது. கெடு 5 நொடி, தடம் நெரிசலில் அழைப்பு 7 நொடி கழித்து வருகிறது என்று வையுங்கள். அதற்குள் எண் விடுவிக்கப்பட்டு அடுத்தவருக்குப் போயிருக்கும். கெடுவைச் சும்மா நீட்டினால் திரள் வற்றும், ஆகவே திரளையும் சேர்த்தே பெருக்க வேண்டும். விடுவித்த எண்ணை உடனே கொடுக்காமல், நெடுநேரம் சும்மா இருந்த எண்ணை முதலில் கொடுக்கும்படி சுழற்றுவது மலிவான காப்பு. இந்த எண்களை வெளியாள் நேரடியாக அழைக்க முடியாதபடி தடுப்பதும் கட்டாயம். தவறி வந்த அழைப்பு அடுத்தவர் தரவைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

திரையில் தரவு எழுந்ததும் அழைத்தவர் எண்ணோடு ஒப்பிடும் சோதனைக்குச் ‘சரிபார்ப்பு’ என்ற இருக்கும் சொல்லே போதும். புதிதாகப் படைக்க வேண்டாம்.