நாய் குரைப்பதற்கு லத்ராரா, லத்தீரா? (வடமேற்கு ஸ்பெயினின் மொழியான காலிசியன், போர்ச்சுகீஸ், ஸ்பானிஷ்)

கேள்வி:
மூன்று மொழிக்கும் சேர்த்துச் சொல்லட்டைத் தொகுப்பு ஒன்று. "குரை" என்பதற்கு மூன்றிலும் லத்ரார் என்று போட்டாயிற்று. பிரேசில் உரையில் மட்டும் "ஓ கஷோஹு எஸ்தா லத்திந்து" (நாய் குரைத்துக்கொண்டிருக்கிறது) என்று வருகிறது. வினை லத்தீர். அதையே ஸ்பானிஷ் அகராதியில் பார்த்தால் முதல் பொருள் இதயம் துடிப்பது! எந்த அட்டை தப்பு?

மறுமொழி 1:
எதுவும் தப்பில்லை. போர்ச்சுகீஸை ஒரே அட்டையில் அடைத்ததுதான் வினை. போர்ச்சுகலில் லத்ரார், பிரேசில் பேச்சில் லத்தீர். இரண்டாகப் பிரியுங்கள். ஒலிப்பதிவில் தேடினால் லத்திந்து கிடைக்காது. பிரேசிலின் பெரும்பகுதியில் அது லச்சிந்து என்றே காதில் விழும்.

பெயர்ச்சொல்லில்தான் பெரிய குழி. லத்தீதோ: எழுத்து மாறாத ஒரே சொல், போர்ச்சுகீஸில் குரைப்பு, ஸ்பானிஷில் துடிப்பு. ஸ்பானிஷ் குரைப்புக்கு லத்ரீதோ. கஷோஹுவும் அப்படித்தான்: பிரேசிலில் நாய், போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் குட்டி. சொல்லுக்குச் சொல் மாற்றினால் குரைக்கிற நாய், துடிக்கிற குட்டியாகிவிடும்.

ஆனால் ஸ்பானிஷ் லத்தீரும் பிறப்பில் நாய்ச் சொல்தான். லத்தீனில் கிளாத்தீரே என்றால் கீச்சென்று குரைப்பது. லத்தீதோவுக்கு, வேட்டைநாய் இரையைக் கண்டதும் விட்டுவிட்டுக் குரைப்பது என்ற பொருள் ஸ்பானிஷ் அகராதியில் இன்னும் இருக்கிறது.

மறுமொழி 2:
லத்ராருக்கு மூலம் லத்தீன் லாத்ராரே. நடுவிலிருந்த வல்லின 'த' மெலிந்துவிட்டது. நம் எழுத்தில் இந்த வேறுபாடு தெரியாது. "பத்து", "அது" இரண்டையும் சொல்லிப் பாருங்கள், காதுக்குப் புரியும். திருடனைக் குறிக்கும் லத்ரோனை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். அதன் வேர் லாத்ரோ, வேறு சொல்.

கேள்வி கேட்டவர்:
காலிசியனில்?

மறுமொழி 2:
நாய்க்கு லத்ரார், இதயத்துக்கு லத்தேஷார். குழப்பமே இல்லை. நாய் ஊளையிட்டால் ஓவெயார், தனி அட்டை போடுங்கள். "குரைத்துக்கொண்டிருக்கிறது" என்பதற்கு போர்ச்சுகலில் "எஸ்தா ஆ லத்ரார்". காலிசியனிலும் அது செல்லும். ஸ்பானிஷில் "எஸ்தா லத்ராந்தோ".

கேள்வி கேட்டவர்:
பிரேசில் அட்டையிலிருந்து லத்ராரை எடுத்துவிடலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். "குரைக்கிற நாய் கடிக்காது" அங்கும் "காவ்ங் கே லத்ரா நாவ்ங் மோர்தி" என்றே பெரிதும் வழங்குகிறது. "பழமொழி, எழுத்து வழக்கு" என்று குறித்து வையுங்கள்.