கணையப் புற்றுநோயில் இன்டர்லூக்கின்-6 கூடியிருந்தால் ஆயுள் குறைவு என்று கொள்ளலாமா?

கேள்வி: கதிர், மதுரை

வணக்கம். என் பெரியப்பாவுக்கு (வயது 63) கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய் இருப்பது சென்ற மாதம் உறுதியானது. மஞ்சள் காமாலை கண்டுதான் மருத்துவமனையில் சேர்த்தோம். பித்தநாளத்தில் ஸ்டென்ட் வைத்த மூன்றாம் நாள், இலேசான காய்ச்சல் இருந்தபோது எடுத்த இரத்தத்தில், சிஏ 19-9 என்ற புற்றுநோய்க் குறியீட்டுடன் இன்டர்லூக்கின்-6 என்பதையும் பார்த்திருக்கிறார்கள். அழற்சியைத் தூண்டும் ஒரு புரதமாம்; கோவிட் காலத்தில் கேட்ட பெயர்தான். அளவு மில்லிலிட்டருக்கு 46 பிகோகிராம். 7-க்குள் இருக்க வேண்டும் என்று அறிக்கையிலேயே அச்சிட்டிருக்கிறது.

இது கூடியவர்கள் அதிக நாள் இருப்பதில்லை என்று இணையத்தில் படித்ததிலிருந்து பெரியம்மாவிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த எண்ணை அப்படியே நம்பலாமா? கோவிட் நோயாளிகளுக்குக் கொடுத்த டோசிலிசுமாப் இந்த மூலக்கூறைத்தானே தடுக்கிறது, அதை இங்கே ஏன் கொடுப்பதில்லை?

பதில்: புற்றுநோய் மருத்துவர்

நீங்கள் படித்தது பொய்யில்லை. இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 ஆகியவை இரத்தத்தில் கூடியுள்ள கணையப் புற்றுநோயாளிகள் சராசரியாகக் குறைந்த காலமே வாழ்கிறார்கள் என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த செய்திதான். ஆனால் அது பலரைச் சேர்த்துப் போட்ட கணக்கு. அளவு கூடியவர்களிலும் நெடுநாள் இருந்தவர்கள் உண்டு. குறைந்தவர்களிலும் சில மாதங்களில் இறந்தவர்கள் உண்டு. தனி ஒருவருக்கு இத்தனை மாதம் என்று இந்த எண்ணைக் கொண்டு சொல்ல முடியாது.

உங்கள் பெரியப்பாவின் 46-ஐ நான் இன்னும் குறைவாகவே மதிப்பேன். காரணம், இரத்தம் எடுத்த நாள். பித்தநாளம் அடைபட்டு, அதில் கிருமித்தொற்று சேர்ந்தாலே, புற்றுநோய் இல்லாதவருக்கும் இன்டர்லூக்கின்-6 இதைவிடப் பல மடங்கு ஏறும். ஸ்டென்ட் வைத்து மூன்று நாள்தான் ஆகிறது, காய்ச்சலும் இருந்தது என்றால், அந்த அளவில் கட்டியின் பங்கு எவ்வளவு, தொற்றின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அவருடைய மருத்துவர் இப்போது கவனிக்க வேண்டியது அந்தக் காய்ச்சலைத்தான்.

அழற்சியின் நிலை தெரிய வேண்டுமென்றால் இத்தனை செலவும் தேவையில்லை. இன்டர்லூக்கின்-6 கல்லீரலைத் தூண்டுவதால்தான் சிஆர்பி என்ற அழற்சிப் புரதம் உருவாகிறது. அந்தத் தூண்டல் நீடிக்கும்போது அல்புமின் என்ற இரத்தப் புரதம் குறைகிறது. இவ்விரண்டையும் சேர்த்து கிளாஸ்கோ மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார்கள். சிஆர்பி லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் 1. அதோடு அல்புமினும் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே இறங்கினால் 2. சிஆர்பி கூடாதவருக்கு 0. மதிப்பெண் கூடினால் அழற்சியும் கூடுதல் என்று பொருள். தொற்று தணிந்து காமாலை இறங்கிய பிறகு இதைப் பாருங்கள்.

பதில்: ஆய்வகப் பணியாளர், சேலம்

மருத்துவர் சொன்னதோடு ஆய்வகப் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். எடுத்த இரத்தம் சீரம் பிரிக்கப்படாமல் வெயில் நாளில் பெட்டியில் கிடந்தால், குழாய்க்குள் இருக்கும் வெள்ளணுக்கள் சைட்டோகைன்களை (இன்டர்லூக்கின் போன்ற சமிக்ஞைப் புரதங்களை) வெளியிட்டுக்கொண்டே இருக்கும். சேகரிப்பு மையத்தில் எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பும் மாதிரிகளில் இந்த ஐயம் எப்போதும் உண்டு. ஒரே மாதிரியை இரண்டு நிறுவனங்களின் கிட்டில் ஓட்டினால் இரண்டு எண் வருவதும் வழக்கம்தான். மீண்டும் பார்ப்பதானால் அதே ஆய்வகத்தில் பாருங்கள். சிஏ 19-9 அளவும் காமாலையின்போது பொய்யாக ஏறக்கூடியது. காமாலையை உண்டாக்கும் பிலிருபின் நிறமி இறங்கிய பின் எடுப்பதே ஒப்பிடத் தகுந்த அளவு.

பதில்: நோயெதிர்ப்பியல் ஆய்வாளர்

இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் நல்ல கேள்வி.

கணையக் கட்டியின் பெரும்பகுதி புற்றணுக்கள் அல்ல. நாரணுக்களும் அவை நெய்யும் இறுகிய திசுவும்தான். 2017-இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தினர், அந்த நாரணுக்களில் ஒரு வகை இன்டர்லூக்கின்-6-ஐச் சுரப்பதையும், கட்டியணுக்களை ஒட்டியிருக்கும் இன்னொரு வகை அவ்வாறு சுரக்காததையும் காட்டினார்கள். இந்தச் சமிக்ஞை புற்றணுவுக்குள் ஸ்டாட்3 என்ற புரதத்தை முடுக்கி அதன் வளர்ச்சிக்குத் துணைபோகிறது. அப்படியானால் அந்தப் பாதையை அடைத்துவிடலாமே என்று எண்ணுவது இயல்பு.

அடைத்துப் பார்த்தார்கள். ஸ்டாட்3-க்கு முந்தைய படியான ஜாக் நொதிகளைத் தடுக்கும் ரக்சோலிட்டினிப் மருந்தைக் கேபெசிடாபின் என்ற கீமோதெரபி மருந்தோடு சேர்த்துக் கொடுத்த இரண்டாம் கட்ட ஆய்வில், மொத்த நோயாளிகளிடம் தெளிவான பலன் இல்லை; சிஆர்பி 13 மில்லிகிராமுக்கு மேல் இருந்த பிரிவினர் மட்டும் கூடுதல் காலம் வாழ்ந்தது போலத் தெரிந்தது. அந்த நம்பிக்கையில், அழற்சி கூடிய நோயாளிகளை மட்டுமே தேர்ந்தெடுத்து மூன்றாம் கட்ட ஆய்வு தொடங்கினார்கள். இடைக்கால ஆய்விலேயே பலனில்லை என்று தெரிந்து 2016-இல் அதை நிறுத்தினார்கள். டோசிலிசுமாப் மருந்தைக் கீமோதெரபியோடு சேர்க்கும் ஆய்வும் டென்மார்க்கில் நடந்திருக்கிறது. அது வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்படவில்லை. நோயின் போக்கைக் காட்டும் ஒரு மூலக்கூறு அந்தப் போக்கை இழுத்துச் செல்வதாகவும் இருக்க வேண்டும் என்பதில்லை. இழுத்துச் செல்லும் பலவற்றுள் அது ஒன்றாக மட்டுமே இருந்தாலும், அதை நிறுத்துவதால் மற்றவை நின்றுவிடப் போவதில்லை.

இன்டர்லூக்கின்-10 கதை வேறு மாதிரி. அழற்சியைத் தணிப்பது என்று பெயரெடுத்த அதையே, புற்றணுக்களைக் கொல்லும் டி அணுக்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்களைத் தூண்டும் என்ற எதிர்பார்ப்பில், பெகிலோடெகாகின் என்ற மருந்து வடிவில் கீமோதெரபியோடு சேர்த்து 567 கணையப் புற்றுநோயாளிகளிடம் சோதித்தார்கள். கீமோதெரபி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 6.3 மாதம்; சேர்த்துப் பெற்றவர்களுக்கு 5.8 மாதம்.

இன்டர்லூக்கின்-33 எந்தப் பக்கம் என்பதே இன்னும் தீரவில்லை. எலிகளில் அது பிறவி நிணஅணுக்கள் என்ற ஒருவகை நோயெதிர்ப்பு அணுக்களைப் பெருக்கிக் கட்டியைக் கட்டுப்படுத்துகிறது என்று 2020-இல் ஒரு குழு வெளியிட்டது. கட்டிக்குள் குடியேறிய பூஞ்சைகள் அதே மூலக்கூறைச் சுரக்கவைத்துக் கட்டியை வளர்க்கின்றன என்று 2022-இல், அதுவும் எலிகளில்தான், இன்னொரு குழு வெளியிட்டது. இரண்டும் தரமான ஆய்வுகளே. ஆகவே ‘நல்ல சைட்டோகைன், கெட்ட சைட்டோகைன்’ என்று பட்டியலிடும் இணையக் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

கதிர்

மூவருக்கும் நன்றி. இரண்டு மாதத்தில் அவர் ஒன்பது கிலோ இறங்கிவிட்டார். தட்டைப் பார்த்தாலே வேண்டாம் என்கிறார். இதற்கும் இந்த மூலக்கூறுகள்தான் காரணமா?

பதில்: புற்றுநோய் மருத்துவர்

ஓரளவுக்கு ஆம். இன்டர்லூக்கின்-6 தசையைக் கரைப்பதில் பங்கெடுக்கிறது. ஜிடிஎஃப்-15 என்ற இன்னொன்று மூளைத்தண்டில் வேலைசெய்து பசியைக் கொல்கிறது. இந்த இரண்டாவதைத் தடுக்கும் பொன்செக்ரோமாப் மருந்தைக் கணையப் புற்றுநோயாளிகள் உட்பட 187 பேரிடம் சோதித்து 2024-இல் வெளியிட்டார்கள். மிக உயர்ந்த அளவில் பெற்றவர்களுக்கு, 12 வாரத்தில், மருந்தில்லா ஊசி பெற்றவர்களைவிடச் சுமார் 2.8 கிலோ எடை கூடியிருந்தது. அது இரண்டாம் கட்ட ஆய்வு. ஆயுளைப் பற்றி அதிலிருந்து எதுவும் சொல்ல இயலாது.

ஆனால் தலைப்பகுதிக் கட்டியில் எடை குறைவதற்கு எளிய காரணம் ஒன்றும் உண்டு: கணைய நொதிகள் குடலுக்கு வந்து சேராததால் தின்ற கொழுப்பு செரிக்காமல் வெளியேறுகிறது. மலம் எண்ணெய்ப் பசையுடன் வெளிறி மிதக்கிறதா என்று பெரியம்மாவிடம் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்த பிறகும் அப்படியே இருந்தால், நொதி கேப்சூல் தொடங்கலாமா என்று மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். பலர் அதைச் சாப்பிட்டு முடித்தபின் விழுங்குகிறார்கள். சாப்பிடத் தொடங்கும்போதே எடுத்து, நீண்ட உணவானால் நடுவிலும் எடுத்தால்தான் உணவோடு கலந்து வேலை செய்யும்.