பண்ணைக் குடும்ப நாவல்கள்: கேட்டபடி பதில் வராத ஜெபங்கள்

திரியைத் தொடங்கியவர்:

அமெரிக்க மேற்குப் பகுதியின் மாட்டுப் பண்ணைக் குடும்பங்களை வைத்து எழுதப்படும் கிறிஸ்தவச் சரித்திர நாவல்களை விடாமல் வாசிக்கிறவள் நான். விதவைத் தாய், கடன், வறட்சி, பனிப்புயல், மேசைமேல் ஒரு வேதாகமம் என்று ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே சரக்குதான். அதில் எனக்குக் குறையில்லை. ஒன்று மட்டும் உறுத்துகிறது. மந்தை செத்துக்கொண்டிருக்கும், குடும்பம் முழங்கால்படியிட்டு ஜெபிக்கும், மறுநாள் விடிவதற்குள் காற்று வெதுவெதுப்பாகத் திரும்பிவிடும்.

1886-87 குளிர்காலத்தில் மொன்டானாவில் அப்படி நடக்கவில்லை. அதற்கு முந்தைய கோடை வறண்டு போயிருந்தது. மேய்ச்சல் நிலம் தாங்குவதற்கு மேல் மாடுகளை விட்டிருந்தார்கள். வைக்கோல் சேர்த்து வைக்கும் வழக்கமே பெரும்பாலும் இல்லை. நவம்பரில் பனி தொடங்கியது. நடுவில் கொஞ்சம் உருகி மறுபடி உறைந்ததில் புல்லின்மேல் பனிக்கட்டி ஓடாக இறுகிவிட்டது. குதிரை குளம்பால் பனியைக் கிளறிப் புல் தின்னும், மாட்டுக்கு அது வராது. மார்ச்சில் பனி உருகியபோது பல பண்ணைகளில் பாதிக்கு மேல் போயிருந்தது. டகோட்டாவில் பண்ணை வைத்திருந்த, பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டும் பாதிக்கு மேல் இழந்தார். மொன்டானாவில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சார்லி ரஸ்ஸல் என்ற இளைஞர், மந்தை எப்படி இருக்கிறது என்று கேட்ட முதலாளிக்கு எலும்பும் தோலுமாய் நிற்கும் ஒரு மாட்டைச் சின்ன அட்டையில் வரைந்து அனுப்பினார். பக்கத்தில் ஓநாய்கள் காத்திருக்கும். ‘சினூக்’ என்ற வெதுவெதுப்பான காற்றுக்காகக் காத்திருக்கும் மாடு அது.

அந்த மாதிரிக் குடும்பங்களோடு பழகியவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். அவர்கள் உண்மையில் எப்படி ஜெபிக்கிறார்கள்?

மொன்டானாவிலிருந்து ஒரு சகோதரி:

எங்கள் சபையில் வேதபாடத்துக்கு வரும் ஒரு வயதான அம்மா பண்ணைக்காரர். நீங்கள் சொல்லும் நாவல்களை எனக்குக் கொடுத்ததே அவர்தான். பிப்ரவரி கடைசியில் கன்று ஈனும் பருவத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி, அதில் ஒரு கன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். பனியில் பிறந்து விறைத்துப்போன கன்று. அவர் மகன் அதன் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்திருந்தார், மருமகள் சீம்பாலைப் புட்டியில் எடுத்து வந்தார். எனக்கு நிற்க இடம் தெரியவில்லை, துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மா கன்றின் காதைத் தேய்த்துக்கொண்டே வாய்க்குள் ஏதோ சொன்னார். பாட்டு என்று நினைத்தேன், ஜெபம். கண்ணை மூடவில்லை, கையும் நிற்கவில்லை. எங்கள் ஊர் ஜெபக்கூட்டங்களில் வளர்ந்த எனக்கு அது புதிது.

பிறகு காப்பி குடிக்கும்போது நாவலில் காற்று திரும்பும் கட்டத்தைக் கேட்டேன். தன் கணவரின் குடும்பம் அந்தக் கொடிய குளிர்காலத்துக்குப் பிறகு இங்கே வந்தவர்கள் என்றார். வந்ததும் மாடு வாங்கவில்லையாம், முதலில் ஆற்றோரத்தில் வைக்கோல் நிலம் பிடித்தார்களாம். அந்த ஊர்ப் பெரிய பண்ணைக்காரரான கிரான்வில் ஸ்டூவர்ட், தீனியும் ஒதுங்க இடமும் தர முடியாத ஒரு பிராணியை இனி வைத்திருக்க மாட்டேன் என்று எழுதியது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அந்தக் குளிருக்குப் பிறகுதான் வேலி போட்டு, மந்தையைக் குறைத்து, வைக்கோல் சேர்க்கும் பழக்கம் பரவியது. என்னைக் கேட்டால் மனந்திரும்புதல் என்பது இதுதான், நாவல்கள் இதைத்தான் அத்தியாயம் அத்தியாயமாக எழுத வேண்டும். அதிகமாகப் பேராசைப்பட்டு நிலத்தில் மாட்டை நிரப்பினவர்கள், உயிர்களுக்குப் பொறுப்பேற்கக் கற்றுக்கொண்ட கதை அது.

அந்த வீட்டுச் சமையலறையில் ஆபகூக் 3ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி எழுதி மாட்டியிருக்கிறது. தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று வருமே, அது. ஊரில் அதைப் பாட்டாக எத்தனையோ முறை பாடியிருக்கிறேன். மாடு உள்ள வீட்டில் வாசித்தபோது தொண்டை அடைத்தது.

இன்னொருவர்:

சகோதரி, காற்று திரும்பினால் அதைப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். மினசோட்டாவில் 1873 முதல் வெட்டுக்கிளி வருஷா வருஷம் பயிரைத் தின்று தீர்த்தது. ஆளுநர் பில்ஸ்பரி 1877 ஏப்ரல் 26ஐ ஜெபநாளாக அறிவித்தார். அந்தக் கோடையில் வெட்டுக்கிளிகள் போய்விட்டன. கோல்ட் ஸ்பிரிங் என்ற ஊரில் அதே வருஷம் விவசாயிகள் பொருத்தனையாகக் கட்டிய சிற்றாலயம் உண்டு. 1894இல் சூறாவளி அதைத் தூக்கி எறிந்தது, 1952இல் கருங்கல்லில் திரும்பக் கட்டினார்கள். கேட்டபடியே பதில் கிடைத்த குடும்பங்களும் இருந்தன. அவர்களின் சாட்சியையும் எழுதத்தான் வேண்டும்.

மேற்கு டெக்சாஸிலிருந்து:

மேலே சொன்ன சகோதரரை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஜெபநாளுக்கு முன்னால் நாலு வருஷம் இருந்ததே, அதைத்தான் நாவல்கள் தாண்டிப் போகின்றன.

ஃபோர்ட் டேவிஸுக்குப் பக்கத்தில் மலைமேல் பிளாய்ஸ் முகாம் கூட்டம் என்று, குடும்பங்கள் வந்து தங்கி ஆராதிக்கும் கூட்டம் ஒன்று ஆகஸ்டில் நடக்கும். 1890இல் வில்லியம் பிளாய்ஸ் என்ற பிரெஸ்பிட்டேரியன் போதகர், தூரதூரமாய்ச் சிதறிக் கிடந்த பண்ணைக் குடும்பங்களைக் கூட்டித் தொடங்கியது. முதல் கூட்டத்தில் காப்பித்தூள் வந்த மரப்பெட்டிதான் பிரசங்க மேடை. இன்றும் வருகிறவர்களுக்குச் சாப்பாட்டுக்குக் காசு வாங்குவதில்லை. வேலை செய்யும் இடத்தில் பழகிய ஒரு நண்பர் என்னையும் மனைவியையும் கூட்டிப்போனார்.

சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்த பெரியவர் 1950களின் வறட்சியைச் சொன்னார். ஏழு வருஷம். டெக்சாஸின் 254 மாவட்டங்களில் 244ஐப் பேரிடர்ப் பகுதியாக அறிவித்த வறட்சி அது. அப்போது சிறுவனான அவருக்குப் பள்ளி விட்டு வந்ததும் சப்பாத்திக்கள்ளி சுடும் வேலை. எரிவாயுக் கொழுந்தால் முள்ளைக் கருக்கினால்தான் மாடு அதைத் தின்னும். அந்தச் சத்தம் கேட்டதுமே மாடுகள் ஓடி வருமாம்.

“அப்பா மழைக்காக ஜெபித்தாரா?” என்று கேட்டேன். “தினமும்” என்றார். அப்புறம், அந்த ஏழு வருஷமும் ஆகஸ்டில் இங்கே வந்ததையும், ஒரு வருஷம் கொண்டுவர எதுவும் இல்லாமல் பீன்ஸ் மூட்டையோடு வந்ததையும், பக்கத்துக் கூடாரத்துக்காரர் ஒன்றும் கேட்காமல் தங்கள் பானையிலிருந்து இறைச்சி எடுத்து வைத்ததையும் சொன்னார். 1957 வசந்தத்தில் மழை வந்தது, அதுவும் வெள்ளமாய். அதற்குள் அவர் அப்பா மந்தையில் பெரும்பகுதியை விற்றுவிட்டிருந்தார். அந்த மழையைப் பற்றி அவர் ஒரு வரிதான் சொன்னார். இறைச்சி வைத்த அந்தக் குடும்பத்தைப் பற்றி, தட்டு காயும்வரை பேசினார்.

நாவல் எழுதுகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், அந்த நடு வருஷங்களை எழுதுங்கள். ஐந்தாவது ஆகஸ்டில், மழை வருமா என்று தெரியாமல், பீன்ஸ் மூட்டையை வண்டியில் ஏற்றும் ஒரு அப்பாவை எழுதுங்கள். நான் காசு கொடுத்து வாங்குவேன்.